அம்மாவின் கூலி

சின்னமனூரில் என் அம்மா இருபது வருஷம் முறுக்குச் சுட்டுப் பெட்டிக்கடைகளுக்குப் போட்டார். அரிசி, உளுந்து, எண்ணெய், விறகு என்று என் பழைய நோட்டில் செலவு எழுதுவார். வசூலில் அதுபோக மிஞ்சியதை லாபம் என்பார். விடியுமுன் எழுந்து அடுப்படியில் வெந்ததற்கு அந்த நோட்டில் ஒரு வரிகூடக் கிடையாது.

"உன் கூலி எங்கம்மா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வீட்ல செய்ற வேலைக்கு யாரு கூலி குடுப்பா?" என்று சிரித்தார்.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். களையெடுக்கப் போகிறவர்களின் கூலியில் பாதிகூட அவருக்கு நிற்கவில்லை. எண்ணெய் விலை ஏறியபோதெல்லாம் முறுக்கின் விலையை ஏற்றாமல், தெரியாமலே தன் உழைப்பைக் குறைத்து விற்றிருக்கிறார். அம்மா நோட்டை மூடிவைத்தார். அன்று அவர் சிரிக்கவில்லை.

1959இல் பம்பாயில் ஏழு பெண்கள் 80 ரூபாய்க் கடனில் தொடங்கியது லிஜ்ஜத் அப்பளம். அங்கே பெண்கள் தேய்க்கும் அப்பளத்தின் எடைக்கு முதலில் கூலி. லாபப் பங்கு தனி.

தொழில் தொடங்கப்போகும் மாணவிகளிடம் இதைத்தான் சொல்கிறேன்: நோட்டின் முதல் வரியில் உங்கள் கூலியை எழுதுங்கள். மாவும் எண்ணெயும் அதற்குக் கீழே. பிறகு விலை வையுங்கள். அந்த விலைக்குப் போகாதென்றால் முதல் மாதமே தெரிந்துவிடட்டும். அம்மாவுக்குத் தெரிய இருபது வருஷம் ஆனது.