பழுப்பு அட்டை நோட்டு

மடிக்கணினி என் பேத்தியுடையது. 2016இல் பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்தது. இப்போது அவள் சென்னையில் வேலையில் இருக்கிறாள், புதிதாக வாங்கிக்கொண்டாள். பழையது நெமிலி வீட்டுப் பரணில் பழைய பஞ்சாங்கங்களோடு கிடந்தது. அதில் இருந்த விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியோடு ஆதரவு நின்றுவிட்டது. இரும்புக் கடைக்குப் போட்டால் முந்நூறு ரூபாய் கிடைக்கும் என்றார்கள். தூக்கிப்போட மனசு வரவில்லை.

"விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டுக்கோங்க தாத்தா, ஓடும்" என்றாள் போனில்.

"நீ வரும்போது போட்டுக் குடும்மா."

"நான் கை வைக்க மாட்டேன். நீங்களே போடுங்க. மாட்டிக்கிட்டா கூப்பிடுங்க."

எனக்கு 73 வயது. ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் 38 வருஷம் கணக்கெழுதியவன். பேரேட்டில் தொடங்கி, டாலி மென்பொருளில் முடித்து, 2012இல் ஓய்வு பெற்றேன். கணினி எனக்குப் புதிதல்ல. ஆனால் அதுவரை யாரோ போட்டுக் கொடுத்ததைத்தான் ஓட்டியிருக்கிறேன்.

அரக்கோணத்தில் ஒரு கடையில் அந்த இயந்திரத்தின் நினைவகத்தை இரண்டு ஜிபியிலிருந்து நான்காக ஏற்றிக்கொண்டேன். லினக்ஸில் லுபுண்டு என்று ஒன்று, பழைய இயந்திரங்களுக்கு ஏற்றதாம், பதிப்பு எண் 24.04. அந்த எண்ணைப் பார்த்ததும் கணக்குப்பிள்ளைக்குச் சந்தோஷம்: 2024ஆம் ஆண்டு, நான்காம் மாதம். வவுச்சருக்குத் தேதி போடுவதுபோலப் பதிப்புக்குத் தேதி போட்டிருக்கிறார்கள்! தம்பி மகனின் கணினியில் சுமார் மூன்று ஜிபி கோப்பை இறக்கி, அதைப் பென்டிரைவில் எழுதிக்கொண்டு, எஃப்12 விசையைத் தட்டிக்கொண்டே மடிக்கணினியைத் திறந்தேன். நான்கு தரம் தவறவிட்டு ஐந்தாவது தரம் பிடித்தது.

எனக்கு முதலில் பிடித்துப்போனது, நிறுவாமலேயே ஓட்டிப் பார்க்கலாம் என்பதுதான். பென்டிரைவிலிருந்தே திரை வருகிறது, இணையம் வருகிறது, பாட்டு கேட்கிறது. உள்ளே இருக்கும் வட்டை அது தொடுவதில்லை. பிடிக்கவில்லை என்றால் பிடுங்கிவிட்டுப் போகலாம். சந்தையில் மாட்டுக்குப் பல் பார்க்கிறோம், நடக்கவிட்டுப் பார்க்கிறோம். கணினியில் மட்டும் ஏன் பெட்டியைப் பிரித்ததும் விற்றது விற்றதுதான் என்று இத்தனை வருஷம் இருந்தோம்? இரண்டு நாள் அப்படி ஓட்டிவிட்டு மூன்றாம் நாள் நிறுவினேன். பேத்தியின் பள்ளிக்காலப் படங்களைத் தனியே எடுத்து வைத்த பிறகுதான். புதிதாக வருகிறவர்கள் இந்த ஒரு காரியத்தை மறந்தால் பிறகு அழ வேண்டியிருக்கும்.

அன்று சாயங்காலமே முதல் முட்டுக்கட்டை. டெர்மினல் என்ற கறுப்புத் திரையில் ஏதோ நிறுவச் சொன்னேன், கடவுச்சொல் கேட்டது. தட்டுகிறேன், ஒரு எழுத்தும் விழவில்லை. புள்ளியும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. விசைப்பலகை போய்விட்டது என்று முடிவு கட்டி, பிளோயர் வாங்கி வந்து தூசி ஊதி, மறுபடியும் தட்டி, ராத்திரி பத்து மணிக்குப் பேத்தியைக் கூப்பிட்டேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "அது காட்டாது தாத்தா. பக்கத்துல இருக்கறவங்க எத்தனை எழுத்துன்னு எண்ணக் கூடாதுன்னு அப்படி வச்சிருக்காங்க. நீங்க தட்டிட்டு என்டர் அடிங்க." அடித்தேன், ஓடியது. 38 வருஷம் இரும்புப் பெட்டிச் சாவியை வைத்திருந்தவனுக்கு அந்த ஏற்பாடு புரிய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

தமிழ்த் தட்டச்சுப் பொதியை நிறுவியபோது இன்னொன்று நடந்தது. பட்டியலில் தமிழ்99 இருந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டுக்குப் பிறகு தமிழக அரசு ஏற்ற விசைப்பலகை அது, இன்றைய பிள்ளைகளுக்கு அதுதான் சுலபம். அதற்குக் கீழே பழைய தட்டச்சு முறையும் இருந்தது. அரக்கோணத்தில் இன்ஸ்டிடியூட்டில் உட்கார்ந்து ய, ள, ன, க என்று விரல் தேய அடித்த அதே வரிசை! ஐம்பது வருஷம் கழித்தும் விரல்களுக்கு அது மறக்கவில்லை. என்னைப் போல நாலு கிழவர்கள் இன்னும் இருப்பார்கள் என்று யாரோ நினைத்து, கூலி வாங்காமல் அதை எழுதிச் சேர்த்திருக்கிறார்.

அடுத்தது அச்சுப்பொறி. தெருவில் மனு எழுதிக் கொடுப்பதும், கோயில் திருவிழாக் கணக்கை அச்சிட்டு ஒட்டுவதும் என் வேலை. எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை, என் அச்சுப்பொறிக்கு லினக்ஸ் புரியவில்லை. இரண்டு நாள் முழி பிதுங்கியது. கடைசியில் வெளிநாட்டுக்காரர் ஒருவர், கணினி அந்த இயந்திரத்தோடு பேசுவதை ஒட்டுக் கேட்டு, அதன் பாஷையைத் தானே கற்று எழுதி வைத்திருந்த நிரலைப் பேத்தி கண்டுபிடித்தாள். அவர் அந்தக் கம்பெனி ஆளும் இல்லை. மூன்றாம் நாள் காலை, பால் கணக்கு ஒரு பக்கம் அச்சாகி வந்தது.

இந்த லினக்ஸ் கதையே ஒரு அச்சுப்பொறியில்தான் ஆரம்பித்தது என்று பேத்தி சொன்னாள். அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்துக்கு 1980 வாக்கில் ஜெராக்ஸ் கம்பெனியின் லேசர் அச்சுப்பொறி ஒன்று வந்தது. காகிதம் சிக்கிக்கொண்டால், அச்சிடக் கொடுத்தவரின் திரையில் தகவல் வரும்படி நிரலைத் திருத்த நினைத்தார் ரிச்சர்ட் ஸ்டால்மன். அதன் மூலநிரல் இன்னொரு பல்கலைக்கழகத்தில் ஒருவரிடம் இருந்தது. யாருக்கும் தரமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று அவர் மறுத்துவிட்டார். அந்த மறுப்பை ஸ்டால்மன் மறக்கவே இல்லை. 1983இல், யாரும் பார்க்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்று ஒரு முழு இயங்குதளத்தையே எழுதப்போவதாக அறிவித்தார். 1991இல் ஹெல்சிங்கியில் 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், பொழுதுபோக்கு என்று சொல்லிக்கொண்டு எழுதிய லினக்ஸ் அதன் கருவாகச் சேர்ந்தது. அதன் உரிமத்தில் ஒரு நிபந்தனை உண்டு. திருத்தி இன்னொருவருக்குக் கொடுத்தால், உனக்குக் கிடைத்த உரிமை அத்தனையும் அவருக்கும் சேர்த்தே கொடுக்க வேண்டும்.

இதைக் கேட்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. தரமாட்டேன் என்ற அந்த ஆள் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் அவரை எனக்கு நன்றாகத் தெரியும்.

எங்கள் டேனரியில் ஒரு மேஸ்திரி இருந்தார். குரோம் போட்ட தோலில் ஒரு ஓரம் வெட்டி, உள்ளே நீலம் ஏறிவிட்டதா என்று பார்ப்பார். இன்னொரு துண்டைக் கொதிக்கும் தண்ணீரில் போடுவார், சுருங்காவிட்டால் தோல் பதமாகிவிட்டது என்று அர்த்தம். இதுவரை எல்லாரும் பார்க்கலாம். சாயம் நிறுக்கும்போது மட்டும் எல்லாரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திக்கொள்வார். ஒரு பங்குனியில் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அடுத்த ஆறு மாசம் எங்கள் பிரவுன் நிறம் ஒரு டிரம்முக்கு ஒன்றாக வந்தது.

அவரைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை. என்னிடம் ஒரு பழுப்பு அட்டை நோட்டு இருந்தது. ஏற்றுமதிக் காகிதங்களில் எதற்குப் பின் எது, கட்டிய சுங்க வரியைத் திரும்பக் கேட்கும் டிராபேக் மனுவில் எந்தக் கட்டத்தில் என்ன எழுதினால் திரும்பி வராது, பாங்கில் எந்தக் கிழமை கொடுத்தால் அந்த வாரமே நகரும், ஒரு கட்டுத் தோலுக்கு உத்தேசமாக எத்தனை சதுர அடி என்று இருபது வருஷத்தில் அடிபட்டுக் கற்றதெல்லாம் அதில் இருந்தது. மேஜை டிராயரில் பூட்டி வைப்பேன். வாலாஜாவிலிருந்து ஒரு பையன் உதவியாளனாக வந்தான், இருபது வயது. "சார், அந்த நோட்டை ஒருதரம் பார்க்கலாமா?" என்று கேட்டான். "போகப் போகத் தெரியும்டா" என்றேன்.

1996இல் மகள் கல்யாணத்துக்குப் பத்து நாள் லீவு போட்டேன். அந்தப் பத்து நாளில் ஒரு கன்டெய்னர் காகிதம் அவன் கையில் மாட்டியது. வரிசை தப்பியது, ஒரு மாசப் பணம் நின்றது. நான் திரும்பி வந்தபோது அவன் வேலையில் இல்லை. "நீங்க இல்லாம இங்க ஒண்ணும் நடக்காது" என்றார் முதலாளி. அடுத்த மாசம் சம்பளத்தில் 150 ரூபாய் கூடியது. அந்த 150 ரூபாயில் எனக்கு எவ்வளவு பெருமை இருந்தது என்பதை இன்று எழுதவே கூசுகிறது.

இத்தனைக்கும் அப்படி இருக்க வேண்டாம் என்று காட்டியவர்கள் எங்கள் தொழிலிலேயே இருந்தார்கள். அடையாறில் 1948இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், அதன் இயக்குநராக இருந்த நாயுடம்மா. ஆய்வுக்கூடத்தில் கண்டதைத் தோல் குழி வரைக்கும் கொண்டுபோக உழைத்த மனிதர், 1985இல் கனிஷ்கா விமான வெடிப்பில் இறந்தார். அவர் பெயரைச் சொல்லாத தோல்காரர் இந்தப் பக்கம் இல்லை. எங்கள் அலுவலகச் சுவரில் அவர் படமும் இருந்தது. அதன் கீழே உட்கார்ந்துதான் நான் டிராயரைப் பூட்டினேன்.

லினக்ஸும் அப்படித்தான் கண்ணெதிரே இருந்திருக்கிறது. பேத்தியின் மடிக்கணினி முதல் நாள் திறந்தபோதே எதில் போகிறாய் என்று இரண்டு வழி கேட்டது. ஒன்று விண்டோஸ், இன்னொன்று 'பாஸ்', சென்னை சி-டாக்கில் செய்த லினக்ஸ். "இது என்னம்மா?" என்றதற்கு, "அதை யாரும் தொட மாட்டாங்க தாத்தா" என்றாள். பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் அதற்கு வெகு முன்பே லினக்ஸில் படித்துக்கொண்டிருந்தார்கள். இங்கேயும் தமிழக அரசின் எல்காட் நிறுவனத்தில் உமாசங்கர் ஐ.ஏ.எஸ். 2007 வாக்கில் அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியிருந்தார். கொடுத்தால் மட்டும் போதாது போலிருக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஒரு ஆள் வேண்டும். கணியம் இதழ் 2012 முதல் அதைத் தமிழிலேயே செய்துவருகிறது. காஞ்சிபுரத்தில் ஒரு லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது, நெமிலிக்கு அது பக்கத்து ஊர். அங்கே ஒரு பையனிடம் எழுத்துரு பற்றிக் கேட்டேன். என் வயதையும் கேட்கவில்லை, நான் யாரென்றும் கேட்கவில்லை. முக்கால் மணி நேரம் சொல்லிக் கொடுத்தான்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். டாலி இதில் நேரடியாக ஓடாது. பழைய எழுத்துருவில் அடித்த மனுக்களெல்லாம் பூச்சி பூச்சியாகத் திறந்தன, ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்ற வேண்டியிருந்தது. கடை வைத்துத் தொழில் செய்கிறவர் நாளைக் காலையே மாறிவிடலாம் என்று நான் சொல்லமாட்டேன்.

போன தையில் அந்தப் பழுப்பு நோட்டைத் தேடி எடுத்தேன். லிப்ரே ஆபீஸில், பழைய தட்டச்சு முறையிலேயே, பக்கம் பக்கமாக அடித்தேன். பதினேழு நாள் ஆனது. வாலாஜாவில் அந்தப் பையன், இப்போது ஐம்பது வயது ஆள், சொந்தமாக அக்கவுண்ட்ஸ் கடை வைத்திருக்கிறான். நம்பர் வாங்கிப் பேசினேன். விஷயத்தைச் சொல்லி முடிக்க எனக்கு நேரமானது. அவன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

"சார், ஜிஎஸ்டி வந்து எட்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. அந்தக் காகிதம் எதுவும் இப்ப கிடையாது சார். எல்லாம் ஆன்லைன்."

"தெரியும்பா."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு அவனே கேட்டான். "வீட்ல ஒரு பழைய லேப்டாப் இருக்கு சார், பையன் படிக்கறதுக்கு. ரொம்ப மெதுவா ஓடுது. அதுக்கு நீங்க சொல்ற லினக்ஸ் போட முடியுமா?"

எட்டு ஜிபி பென்டிரைவ் ஒன்று அரக்கோணத்தில் வாங்கினேன். அதில் லுபுண்டுவை எழுதி முடிக்கப் பதினொரு நிமிஷம். ஒரு தாளில் எஃப்12 விசையைப் பற்றியும், படங்களை முதலில் எடுத்து வைப்பதைப் பற்றியும், கடவுச்சொல் திரையில் தெரியாது என்பதைப் பற்றியும் எழுதி, பென்டிரைவை அதிலேயே சுற்றிப் பையில் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை பனப்பாக்கம், காவேரிப்பாக்கம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினேன். 38 வருஷம் போன அதே பாதை.