அழத் தயங்கிய நாயகன்

சில தினங்களுக்கு முன் 'கோன் வித் த விண்ட்' என்னும் பழைய படத்தை மீண்டும் பார்த்தோம். ஏறக்குறைய நான்கு மணி நேரப் படம்! வீட்டு இளையவர்கள் இடைவேளைக்கு முன்பே எழுந்து சென்றுவிட்டனர். நாம் இறுதிவரை அமர்ந்திருந்தோம். எம்மை இருத்தியது ஒரு காட்சி. மனைவி மாடிப்படியில் உருண்டு வீழ்ந்து கருவிழந்து கிடக்கையில், நாயகன் ரெட் பட்லர் மெலனியின் முன் விம்மி அழுகிறான். அவ்வாறு அழுவதற்குக் கிளார்க் கேபிள் முதலில் இணங்கவே இல்லை. திரையில் அழுவது தம் ஆண்மைக்கு இழுக்கு என்று அஞ்சினார். அவரைத் தேற்றி இணங்கச் செய்தவர் மெலனியாக நடித்த ஒலிவியா டி ஹவிலண்ட்.

அழுவதற்குக் காரணம் இல்லாத வாழ்வன்று அவருடையது. 1901இல் ஒஹையோ மாநிலத்தில் பிறந்தவர், ஒரு வயது நிரம்புமுன் தாயை இழந்தார். டயர்த் தொழிற்சாலையிலும் எண்ணெய் வயல்களிலும் உடல் வருந்தினார். அவருக்கு நடையும் குரலும் கற்பித்துப் பல்வரிசையையும் சீர்செய்வித்தவர் ஜோசபின் டில்லன் என்னும் நாடக ஆசிரியை. பதினேழு வயது மூத்த அவரையே 1924இல் மணந்தார். 'இற் ஹப்பென்ட் வன் நைற்' (1934) ஒஸ்கார் விருதை ஈட்டித் தந்தது. பின்னர் ஹொலிவூட் அவரை 'அரசர்' என்றே அழைத்தது.

அரசர் மாசற்றவர் என்று நாம் சொல்லமாட்டோம். லொரெட்டா யங்கிடம் பிறந்த மகளை அவர் தம் வாழ்நாளில் வெளிப்படையாக ஏற்கவே இல்லை. கரோல் லொம்பார்டிடம் மனத்தைப் பறிகொடுத்தபோதும் இரண்டாம் மனைவியிடமிருந்து விவாகரத்துப் பெற்றிருக்கவில்லை.

லொம்பார்ட் நகைச்சுவைப் படங்களின் ராணி. பேச்சிலோ எவருக்கும் அஞ்சாதவர். 1932இல் இருவரும் ஒரே ஒரு படத்தில் இணைந்து நடித்தனர். அப்போது காதல் அரும்பவில்லை; நான்கு ஆண்டுகள் கழித்தே அரும்பிற்று. 1939 மார்ச் 29ஆந் திகதி, நாம் மேலே சொன்ன படத்தின் படப்பிடிப்பில் கிடைத்த ஓய்வில், அரிசோனாவின் கிங்மன் என்னும் சிற்றூருக்குக் காரில் ஓடிச் சென்று மணம் முடித்தனர். என்சினோவில் ஒரு பண்ணைவீடு வாங்கினர். அவருக்காக லொம்பார்ட் வேட்டையும் மீன்பிடிப்பும் பழகிக்கொண்டார். அங்கே வாழ்ந்தது மூன்று ஆண்டுகள் கூட இல்லை.

1942 ஜனவரியில் லொம்பார்ட் யுத்தக் கடன் பத்திரம் விற்க இண்டியானா சென்றார். ஒரே நாளில் இருபது இலட்சம் டொலருக்கு மேல் விற்றுத் தந்தார். ரயிலில் திரும்பியிருக்கலாம், வீட்டை விரைவில் அடையும் ஆவலால் விமானம் ஏறினார். 16ஆந் திகதி இரவு லாஸ் வேகாஸுக்கு அருகே பொட்டோசி மலையில் விமானம் மோதிற்று. தாயாரும் உடன் சென்றிருந்தார். பயணஞ் செய்த 22 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. லொம்பார்டுக்கு வயது 33. மலையேறித் தேடப் புறப்பட்ட கேபிளை மற்றவர்கள் தடுத்து நிறுத்தினர். அடிவாரத்தில் காத்திருந்த அந்த மனிதரையே நாம் அன்றிரவு ரெட் பட்லரின் முகத்தில் கண்டோம். படமோ மலை விபத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் முந்தியது!

அவ்வாண்டு ஆகஸ்டில், 41 வயதில், சாதாரணச் சிப்பாயாக இராணுவ விமானப்படையில் சேர்ந்தார். இங்கிலாந்திலிருந்து குண்டுவீச்சு விமானங்களில் ஐந்து முறை போர்க்களத்தின் மேல் பறந்தார். சாவைத் தேடியே சென்றார் என்று சிலர் கூறுவர். அதை யாரால் அறிய முடியும்? 1944 ஜனவரியில் மனைவியின் பெயர் சூட்டிய கப்பலைக் கடலில் இறக்கியபோது சீருடையுடன் அருகே நின்றார்.

பின்னும் இருமுறை மணந்தார். 'த மிஸ்ஃபிட்ஸ்' படப்பிடிப்பு முடிந்து இரு வாரங்களுக்குள், 1960 நவம்பர் 16ஆந் திகதி, மாரடைப்பு நோயால் காலமானார். ஐந்தாம் மனைவி கே வில்லியம்ஸ் அப்போது கருவுற்றிருந்தார். மகன் பிறந்தது 1961 மார்ச்சில். கணவரை லொம்பார்டின் அருகே அடக்கஞ் செய்தவர் அந்தக் கே தான்.