ஆறா, ஏழா?

ஜிசிசி கம்பைலருக்கு நம் நிரலில் தப்பு கிடைத்தால் வரி எண்ணைச் சொல்லித் திட்டும். தனக்குள்ளேயே ஏதாவது உடைந்துபோனால் மட்டும் குரல் மாறிவிடும். உள்கோளாறு என்று ஒப்புக்கொண்டு, தயவுசெய்து முழு வழு அறிக்கை ஒன்று அனுப்புங்கள் என்று கேட்டு, முகவரியும் கொடுக்கும். திண்டுக்கல்லில் கம்ப்யூட்டர் படித்த எனக்கு, கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எதுவும் அதற்கு முன் 'தயவுசெய்து' என்று சொன்னதாக நினைவில்லை.

நாங்கள் சி மொழி படித்தது டர்போ சியின் நீலத்திரையில். 1990களின் தொடக்கத்துச் சரக்கு. அதைச் செய்த போர்லாண்டு எப்போதோ அதைக் கைகழுவியிருந்தது. விடை தப்பாக வந்தால் லேப் அசிஸ்டென்டிடம்தான் போக வேண்டும். "நீ ஏதாச்சும் தப்பா அடிச்சிருப்ப" என்பார். பத்தில் ஒன்பது பேர் விஷயத்தில் அது உண்மையாகத்தான் இருக்கும். பத்தாவது ஆள் என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை. ரெக்கார்டு நோட்டில் சரியான விடையைக் கையால் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வான். அவ்வளவுதான்.

ஜிசிசி 1987இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் வெளியிட்ட கட்டற்ற மென்பொருள். காசு கிடையாது, கஸ்டமர் கேரும் கிடையாது. வழு அறிக்கைக்கு அவர்கள் கேட்பது வேறு: கம்பைலரின் சரியான பதிப்பு எண், எந்த வகை இயந்திரம், கொடுத்த முழுக் கட்டளை, அது கக்கிய செய்தி அப்படியே, கூடவே எல்லாத் தலைப்புக் கோப்புகளும் உள்ளே விரிந்த நிலையில் நிரல். என்ன படித்தாய், எங்கே வேலை என்ற கேள்வி இல்லை.

கடைசியாகச் சொன்ன அந்த விரிந்த கோப்பை ஏன் கேட்கிறார்கள் என்று எங்கள் ஊர்க்காரனுக்கு விளக்க வேண்டியதில்லை. நாகல் நகர் பக்கம் பூட்டு செய்கிறவரிடம் போய் "பூட்டு திறக்க மாட்டேங்குதுண்ணே" என்று வெறுங்கையோடு நின்றால் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். பூட்டையும் சாவியையும் கொண்டுவா என்பார். (2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குள் பட்டறைகள் பாதிக்கு மேல் படுத்துவிட்டன, அது தனிக் கதை.)

இப்போது வெங்காயத்துக்கு வருகிறேன்.

பன்னிரண்டு வருடம் இருக்கும். தெரிந்தவர் ஒருவரின் வெங்காய மண்டியில் பழைய 32 பிட் கம்ப்யூட்டர் ஒன்றில் லினக்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. கூலிச் சீட்டு போடும் சின்ன சி நிரலை எழுதிக்கொடுத்த பையன் பெங்களூருக்குப் போய்விட்டான். சின்ன வெங்காயத்தை வால் நறுக்கிச் சுத்தம் செய்யும் பெண்களுக்குக் கிலோவுக்கு 70 பைசா. ஒவ்வொரு எடைக்கும் ஒரு சீட்டு. ரூபாய்க்கு மேல் வரும் பைசாவைத் தள்ளிவிடுவது அங்கே வழக்கம். நியாயமா என்று கேட்காதீர்கள், வழக்கம்.

ஒருநாள் மண்டிக்கு வேறு வேலையாகப் போனபோது, ஓர் அக்கா கணக்கப்பிள்ளையிடம் சீட்டுகளை நீட்டிக்கொண்டு நின்றார்.

"பத்துக் கிலோ, எழுவது காசு, ஏழு ரூவா வரணும். ஆறுன்னு போட்டிருக்கு."

"கம்ப்யூட்டர் தப்பாப் போடுமாம்மா?"

"பதினோரு கிலோவுக்கு ஏழு சரியா வருது தம்பி. இருவதுக்குப் பதிமூணு, முப்பதுக்கு இருவது. முழுப் பத்தா நிறுத்தா மட்டுந்தான் ஒரு ரூவா கொறையுது. நாலு நாளாப் பாத்துட்டேன்."

நான் அதுவரை படித்திருந்த வழு அறிக்கைகளில் முக்கால்வாசி இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. கொடுத்தது என்ன, வரவேண்டியது என்ன, வந்தது என்ன, எப்போது வருகிறது, எப்போது வருவதில்லை. கையில் சாட்சிக்குச் சீட்டு. அவர் கையெழுத்துப் போட மட்டுமே கற்றவர்.

நிரலை வீட்டுக்கு எடுத்துவந்து என் 64 பிட் லேப்டாப்பில் ஓட்டினேன். 7. மறுநாள் மண்டியில் ஓட்டினேன். 6. எங்கே தப்பு என்று பார்க்க நடுவில் தொகையை அச்சிடும் வரி ஒன்று சேர்த்தேன். 7! வரியை எடுத்தேன். 6. வேகமூட்டும் தெரிவு இல்லாமல் கம்பைல் செய்தால் அதே மண்டி இயந்திரத்தில் 7. பேய் பிடித்த நிரல் என்றுதான் முதலில் தோன்றியது.

காரணம் இதுதான். மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் முடிவாக எழுத முடியாததுபோல, 0.7ஐ இரும எண்ணில் முடிவாக எழுத முடியாது. உள்ளே இருப்பது 0.7க்கு மயிரிழை குறைவான எண். பத்தால் பெருக்கினால் ஏழுக்கு மயிரிழை குறைவு. அதை 64 பிட் இடத்தில் எழுதும்போது அந்த மயிரிழைக்கு இடம் போதாமல் 7 என்று முழுமையாகிவிடும். ஆனால் 1980இல் வந்த இன்டெல் 8087 சில்லின் வழிவந்த பழைய கணக்குப் பகுதி, எண்களை 80 பிட்டில் வைத்திருக்கும். அங்கே மயிரிழை பிழைத்துக்கொள்ளும். பைசாவைத் தள்ளு என்றால் மிச்சம் 6. வேகத்துக்காகக் கம்பைலர் விடையை நினைவகத்தில் எழுதாமல் அந்த 80 பிட்டிலேயே வைத்துக்கொள்கிறது. நடுவில் அச்சிடச் சொன்னால் நினைவகத்தில் எழுதியாக வேண்டும், அதனால் 7. என் லேப்டாப்பில் கணக்கு நடப்பது வேறு பகுதியில், அங்கே 80 பிட்டே இல்லை.

இதை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. ஜிசிசியின் வழுப் பட்டியலில் 323ஆம் எண்ணைப் பாருங்கள். வேகமூட்டிய நிரல் தசம எண்களில் விசித்திரமான விடை தருகிறது என்று 2000ஆம் ஆண்டு பதிவானது. அதற்குப் பிறகு உலகத்தின் எங்கெங்கிருந்தோ வந்த ஏராளமான அறிக்கைகளை 'இதுவும் 323தான்' என்று அதே எண்ணில் கொண்டுபோய்க் கட்டியிருக்கிறார்கள். வழுவே அல்ல என்று மூடினார்கள், திறந்தார்கள், சண்டை போட்டார்கள். சில்லின் குணத்துக்குக் கம்பைலர் என்ன செய்யும் என்று ஒரு கட்சி. மொழியின் இலக்கணம் சொல்கிறபடி நடக்க வைப்பது உன் வேலை இல்லையா என்று இன்னொரு கட்சி. கூடுதல் துல்லியத்தை ஒழுங்காக வெட்டச் சொல்லும் தெரிவு சி மொழிக்கு 2010இல், ஜிசிசி 4.5இல் வந்தது. சி++ காரர்கள் 2023இல் வந்த 13ஆம் பதிப்புவரை காத்திருந்தார்கள்.

என் கட்சி இரண்டாவது. ஆனாலும் அந்தப் பக்கத்துக்கு நான் கடன்பட்டவன். சம்பளம் வாங்கி உதவி சொல்ல யாரும் இல்லாத இடத்தில், முன்பு வந்தவன் விட்டுப்போன சாட்சிதான் உதவி. என்னைப்போல யாரோ ஒருவர் நாலு வரி நிரலைச் சுருக்கி அங்கே ஒட்டியிருந்தார். அதைப் பார்த்துத்தான் ராத்திரி ஒரு மணிக்கு எனக்கு விளங்கியது.

நம் பிள்ளைகள் ஏன் வழு அறிக்கை எழுதுவதில்லை என்று கேட்டால் இங்கிலீஷைக் காரணம் சொல்கிறார்கள். நான் முழுசாக நம்பவில்லை. அந்த அக்காவின் மூன்று வாக்கியத்தை எந்த மொழியில் போட்டாலும் அது நிற்கும். எனக்கு வாட்ஸப்பில் வருவதோ, "அண்ணா ஒர்க் ஆகல", கூடவே சாய்வாக எடுத்த திரையின் போட்டோ. தப்பு தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று சின்ன வயதிலிருந்து நம்பவைக்கப்பட்டவன் நாலு நாள் சீட்டைச் சேர்த்துவைக்க மாட்டான். கூலியில் ஒரு ரூபாய் குறைகிறவர் சேர்த்துவைப்பார்.

நிரலைச் சரிசெய்தது பத்து நிமிட வேலை. எல்லாவற்றையும் பைசாவில், முழு எண்ணாகவே பெருக்கச் சொன்னேன்: பத்துக் கிலோ, எழுநூறு பைசா. தசமமே கிடையாது. அக்காவை நிற்கவைத்தே ஓட்டிக் காட்டினேன். பத்து, இருபது, முப்பதோடு அவர் நிறுத்தவில்லை, "நூறு போடு தம்பி" என்றார். 70 வந்தது.

பிறகு அவர் கேட்டது பழைய பாக்கி. முதலாளி கொஞ்சம் முனகிவிட்டு, சீட்டு வைத்திருப்பவர்களுக்குக் கொடுத்துவிடச் சொன்னார். அக்காவிடம் நாலு நாள் சீட்டு இருந்தது. மற்றவர்கள் சீட்டை அன்றன்றைக்கே கசக்கிப் போட்டிருந்தார்கள்.