முத்திரை பார்க்கும் வழக்கம்

கணினியில் ஜிமெயிலைத் திறந்து ஏதாவது ஒரு மெயிலுக்குள் போனால் வலது ஓரத்தில் மூன்று புள்ளிகள் தெரியும். அதைத் தட்டினால் விரியும் பட்டியலில் ‘ஷோ ஒரிஜினல்’ என்று ஒன்று இருக்கிறது. கைப்பேசி ஆப்பில் தேடாதீர்கள், கிடைக்காது. யாரும் சீண்டாத அந்த மூலைதான் கொஞ்ச காலமாக என் பொழுதுபோக்கு. வீட்டில் இருப்பவர்கள் இதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

உள்ளே நுழைந்தால் கடிதத்துக்கு மேலே ஒரு பக்கத்துக்குக் குறையாமல் எழுத்தும் எண்ணுமாக இரைந்து கிடக்கும். அதில் ‘ரிசீவ்ட்’ என்று தொடங்கும் வரிகளை மட்டும் பாருங்கள். மெயில் கடந்து வருகிற ஒவ்வொரு சர்வரும் யாரிடமிருந்து வாங்கினேன், எத்தனை மணிக்கு வாங்கினேன் என்று ஒரு வரியைத் தலையில் ஒட்டி அடுத்ததிடம் தள்ளிவிடுகிறது. புதியது மேலே, பழையது கீழே. அதனால் கீழேயிருந்து படித்துக்கொண்டு மேலே வர வேண்டும். மாம்பலத்திலிருந்து நண்பர் காலை ஒன்பது மணிக்கு அனுப்பிய மெயிலில், கூகிள் சர்வர் கலிபோர்னியா கணக்குப்படி முந்தின நாள் இரவு எட்டரை என்று குத்தியிருந்தது. அவர் ஆயுளில் எதையும் நேரத்துக்கு முன்னால் செய்தவர் இல்லை.

இந்தப் புத்தி எனக்குப் பெரியப்பாவிடமிருந்து வந்தது. தபால் வந்தால் முதலில் முத்திரையைப் பார்ப்பார், பிறகுதான் பிரிப்பார். அக்காவுக்கு மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்த சமயம் ஒரு மொட்டைக் கடுதாசி வந்தது. பையனோடு மெட்ராஸில் ஒரே ஆபீசில் வேலை பார்க்கிறேன், அவனுக்குக் குடிப்பழக்கம் உண்டு, பெண்ணின் வாழ்க்கை பாழாகிவிடும், உடனே நிறுத்துங்கள், இப்படிக்கு உங்கள் நலம் விரும்பி. பெரியம்மா அழத் தொடங்கிவிட்டாள். பெரியப்பா கடுதாசியைத் திண்ணையில் வைத்துவிட்டு உறையை மட்டும் எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனார். பஞ்சாங்கம் பார்க்கிற பூதக்கண்ணாடியை என்னைக் கொண்டுவரச் சொன்னார். தபால்தலை மேல் பாதி அழிந்த வட்ட முத்திரை. கண்ணாடியை முன்னும் பின்னும் நகர்த்தி ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினார். வலங்கைமான்.

“மெட்ராஸ்காரன் ஒரு கடுதாசி போட வலங்கைமானுக்கா பஸ் ஏறி வந்தான்?” என்றார். வலங்கைமானில் எங்களுக்கு ஒரே ஒரு சொந்தம்தான். தன் பையனுக்கு அக்காவைக் கேட்டு, கிடைக்காமல் போன சொந்தம். பெரியப்பா அதைப் பற்றி யாரிடமும் மேற்கொண்டு பேசவில்லை. அந்த வீட்டுக்கும் பத்திரிகை வைத்தார், அவர்களும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அத்தானுக்குக் காபியைத் தவிர வேறு பழக்கம் கிடையாது. அதில் மூன்று ஸ்பூன் சர்க்கரை போடுவார் என்பது வேறு விஷயம்.

மின்னஞ்சலிலும் உறை வேறு, கடிதம் வேறு. இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் முறையை 1982 ஆகஸ்டில் எழுதிவைத்தவர் ஜான் போஸ்டல். பெயர்ப் பொருத்தத்தைக் கவனியுங்கள். ஒரு சர்வர் இன்னொன்றின் கதவைத் தட்டி ‘ஹெலோ’ என்கிறது. கட்டளைகள் நான்கெழுத்தில் இருக்க வேண்டுமென்பதற்காக ஆங்கிலத்தில் ஒரு எழுத்தைக் குறைத்த ஹெலோ. பிறகு இன்னாரிடமிருந்து, இன்னாருக்கு என்று சொல்கிறது. அவ்வளவுதான் உறை. அதற்கப்புறம் கடிதத்தை வரி வரியாக ஒப்பித்து, கடைசியில் தனி வரியில் ஒரே ஒரு புள்ளி வைத்தால் முடிந்தது. நாம் திரையில் பார்க்கிற ‘ஃப்ரம்’, ‘டூ’ எல்லாம் அந்தக் கடிதத்துக்குள்ளே அனுப்பியவர் தானே எழுதிக்கொண்டவை. ‘உங்கள் வங்கி மேலாளர்’ என்று எழுதினாலும் அந்த முறையில் ஏனென்று கேட்க ஆள் இல்லை.

இவ்வளவு வெள்ளந்தியாக ஏன் செய்தார்கள் என்றால், அப்போது அந்த வலையில் இருந்தவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தார், ஆராய்ச்சிக்கூடத்தார். ரே டாம்லின்சன் 1971-இல் பெயருக்கும் கணினிக்கும் நடுவே @ குறியைப் போட்டு அனுப்பிப் பார்த்த மெயில் போன இடம் பக்கத்திலேயே இருந்த இன்னொரு இயந்திரம். அதில் என்ன எழுதினோம் என்பதுகூட அவருக்கு நினைவில் நிற்கவில்லை.

பின்னாளில் ஒட்டுப்போட்டார்கள். எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று மூன்று. இந்த நிறுவனத்தின் பெயரில் மெயில் அனுப்ப இந்தச் சர்வர்களுக்குத்தான் உரிமை என்பது முதலாவது. வழியில் யாரும் கைவைக்கவில்லை என்று காட்டும் கையொப்பம் இரண்டாவது. ‘ஃப்ரம்’ வரியோடு இவை ஒத்துப்போகாவிட்டால் என்ன செய்வது என்பது மூன்றாவது. ‘ஷோ ஒரிஜினல்’ பக்கத்தின் உச்சியில் மூன்றுக்கும் பாஸ், ஃபெயில் போட்டிருப்பார்கள். ஃபெயில் என்றால் கையை எடுத்துவிடுங்கள். பாஸ் என்றால் உடனே நிம்மதி அடையவும் வேண்டாம். திருடன் சொந்தமாக ஒரு முகவரி வாங்கி, அதிலிருந்து ஒழுங்காக அனுப்பினால் அவனுக்கும் பாஸ்தான். ‘ரிசீவ்ட்’ வரிகளிலும் கீழே இருப்பவற்றை அவன் பொய்யாக எழுதிச் சேர்க்க முடியும். உச்சியில் நம்முடைய சர்வர் குத்தியதைத்தான் நம்பலாம்.

ஆகவே பெயரைப் பார்க்காமல் முகவரியைப் பாருங்கள், அதையும் வலப்பக்கத்திலிருந்து படியுங்கள். ‘நம்மவங்கி.காம்.கேஒய்சி-அப்டேட்.டாப்’ என்று வந்தால் அது நம்ம வங்கி இல்லை, கேஒய்சி-அப்டேட் என்ற பெயரை வாங்கி வைத்திருக்கிற எவனோ ஒருவன். இந்திய வங்கிகள் தங்கள் இணைய முகவரியை 2025 அக்டோபர் 31-க்குள் ‘.பேங்க்.இன்’ என்று முடியும்படி மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. வால் இப்படி இல்லாவிட்டால் சுட்டியைத் தொடாமல், வங்கியின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போங்கள். பணம் போய்விட்டதென்றால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.

உறையும் கடிதமும் வேறு வேறாக இருப்பதில் ஒரு நல்லதும் உண்டு. அதுதான் பிசிசி. பிசிசி கட்டத்தில் போட்ட பெயர் உறையில் மட்டும் இருக்கும், கடிதத்தில் இருக்காது. எல்லோருக்கும் போய்ச் சேரும், ஒருவர் முகவரி இன்னொருவருக்குத் தெரியாது. 1978 மே மாதம் டெக் என்ற கணினி நிறுவனத்தின் விற்பனைப் பிரிவிலிருந்து கேரி தியூர்க் என்பவர் புது மாடல் கணினிகளுக்கு விளம்பரமாக சுமார் 400 பேருக்கு ஒரே மெயிலை அனுப்பக் கிளம்பினார். முகவரிகள் கட்டத்தில் கொள்ளாமல் வழிந்து கடிதத்துக்குள்ளேயே புகுந்துவிட்டன. உலகின் முதல் ஸ்பாம் என்று பெயர் வாங்கிய அந்த மெயிலைப் பெற்றவர்கள், விஷயத்துக்கு வருவதற்குள் ஊர்ப்பட்ட முகவரிகளைக் கடக்க வேண்டியிருந்தது.

எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் பொதுக்குழு அறிவிப்பு இன்றும் அதே லட்சணத்தில்தான் வருகிறது. ‘டூ’ கட்டத்தில் எல்லா வீட்டுக்காரர்களின் முகவரியும் வரிசையாக நிற்கும். அதற்கு ஒருவர் ‘ரிப்ளை ஆல்’ போட்டு நன்றி சொல்வார், இன்னொருவர் தண்ணீர் மோட்டாரைப் பற்றிச் சண்டை பிடிப்பார். அதில் ஒருவருடைய மெயில் பெட்டியை எவனாவது உடைத்தால் எங்கள் அத்தனை பேருடைய முகவரியும் தோரணம் கட்டினாற்போல் அவனுக்குக் கிடைத்துவிடும். செயலாளர் அவர்களே, ‘டூ’ கட்டத்தில் உங்கள் முகவரியைப் போட்டுக்கொள்ளுங்கள், எங்களைப் பிசிசியில் போடுங்கள்.