கடதாசி உள்ள காசு

வாப்பா ஜித்தாவில் இருந்த காலத்தில் அவருடைய காசு சைக்கிளில்தான் வீட்டுக்கு வரும். மஃரிபுக்குப் பிறகு படலையில் மணி கேட்கும். வருகிறவர் ஸலாம் சொல்லி, சாரத்து மடியிலிருந்து ஒரு கடதாசிப் பொட்டலத்தை எடுத்து உம்மாவின் கையில் வைப்பார்.

"எண்ணிப் பாருங்க ராத்தா."

உம்மா எண்ண மாட்டா. பற்றுச்சீட்டும் கிடையாது.

வாப்பா கொடுத்த ரியால் ஜித்தாவை விட்டு நகர்வதேயில்லை என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் விளங்கியது. இங்கே கடை வைத்திருக்கும் ஒருவருக்கு வெளியே சரக்கு வாங்க வெளிநாட்டுக் காசு வேண்டும். அவருக்கு அங்கே ரியால் கிடைக்கும். அவர் இங்கே எடுத்து வைக்கும் ரூபா எங்கள் படலைக்கு வரும். நடுவில் ஓடியது ஒரு தொலைபேசிச் சொல் மட்டுமே. உண்டியல் என்றால் அவ்வளவுதான். சட்டத்தில் அதற்கு இடமில்லை. ஊரில் அது அமானிதம். 1990 ஆகஸ்டில் தொழுதுகொண்டிருந்த எங்களவர்கள் பள்ளிவாசல்களில் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, காத்தான்குடியிலிருந்து மட்டக்களப்பு நகரத்து வங்கிக்குப் போய்வருவதே உயிர்ப்பயமாக இருந்தது. அந்த நாட்களிலும் சைக்கிள் வந்தது. அதனால் உண்டியலை யாராவது குறைவாகப் பேசினால் எனக்குச் சுள்ளென்று வரும்.

ராத்தாவின் மகன் கடல் கடக்காதவன். ஆற்றங்கரைப் பக்கத்து வீட்டில் (வாவியை நாங்கள் ஆறு என்றே சொல்வோம்) கணினிக்கு முன்னால் இருந்து சித்திரம் வரைவான். அது அமெரிக்காவில் ரீசேட்டில் அச்சாகி, இணையக் கடையில் அங்கேயே விற்கும். கடை அங்கே, வாங்குகிறவர் அங்கே, கை மட்டும் காத்தான்குடியில். உழைத்த காசை ஊருக்குக் கொண்டுவருவதுதான் பெரும்பாடு. இலங்கையில் இருந்துகொண்டு பேபல் கணக்கால் காசு கட்டலாம், வாங்க முடியாது. முதல் இரண்டு வருடமும் லண்டனிலுள்ள சொந்தக்காரர் ஒருவரின் கணக்கில் சேர்ந்து, அங்கிருந்து உண்டியலில் வந்தது. பிறகு பேயோனியரில் கணக்குத் திறந்து, அதிலிருந்து இங்குள்ள வங்கிக்கு எடுக்கப் பழகிக்கொண்டான்.

2022 பெப்ரவரியில் அவன் கையில் 1,500 டொலர் சேர்ந்திருந்தது. தங்கச்சியின் சீதன வீட்டுக்குச் சிலாப் போட வேண்டும். வீடு கட்டிக் கொடுக்காமல் எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்குக் கலியாணம் பேசுவது கஷ்டம். அது சரியா பிழையா என்பது வேறு கட்டுரை. மத்திய வங்கி டொலரை 200 ரூபாவை ஒட்டிப் பிடித்து வைத்திருந்தது. உண்டியலில் 245 தருவதாக எனக்குச் சொன்னார்கள். வித்தியாசம் 67,500 ரூபா. நாடே இந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தது. 2020இல் வங்கி வழியாக 7.1 பில்லியன் டொலர் அனுப்பிய நம்மவர்கள், 2022இல் அனுப்பியது ஏறத்தாழ 3.8 பில்லியன்.

"லண்டன் வழியாலேயே எடு மகன். பழையபடி வரட்டும்" என்றேன்.

"வேணாம் மாமா. நமக்குக் கடதாசி வேணும்."

"ஒங்கட மூத்தவாப்பாட காசுக்கு என்ன கடதாசி இருந்திச்சி?"

"அவர்ர காலத்துல நம்மட ஊர்ப் பேரக் கேட்டு ஒருத்தனும் திரும்பிப் பார்க்கல்லயே."

எனக்குப் பேச்சு வரவில்லை. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குத் தலைமை தாங்கியவன் எங்கள் ஊரில் பிறந்தவன். அதன்பின் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குத் தேடுதலுக்கு வந்தவர்கள், அலுமாரியிலிருந்த காசு எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். பிள்ளை கட்டாரில் வியர்வை சிந்தி உழைத்த காசு. உண்டியலில் வந்தது. அந்தத் தாய் எதைக் காட்டுவாள்? அவள் நின்ற நிலையை மருமகனும் படலைக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறான். அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது.

வங்கியிலேயே மாற்றினான். 3 இலட்சம் ரூபா. மூன்று வாரம் போகவில்லை, மார்ச் 7ஆம் திகதி மத்திய வங்கி பிடியைத் தளர்த்தியது. மே மாதம் டொலர் 360ஐத் தொட்டது. அந்த 3 இலட்சத்துக்குக் கம்பி வாங்கியதும் கை வெறுமையாகிவிட்டது. சீமெந்து எட்டாத விலைக்குப் போய்ச் சிலாப் நின்றுபோனது. ராத்தா ஆறு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் அவனைத் தடுக்கவில்லையாம்!

'நான் சொன்னேனே' என்று சொல்ல எனக்கும் வாய் வந்தது. அந்தத் தாயை நினைத்து அடக்கிக்கொண்டேன்.

2025 ஏப்ரலிலிருந்து இப்படி வெளிநாட்டுக்குச் செய்யும் வேலைக்கும் வரி வந்துவிட்டது. வருமானம் ஆண்டுக்கு 18 இலட்சத்தைத் தாண்டினால், அதிகபட்சம் 15 வீதம். "கடதாசி வச்சிரிக்கிறவனத்தான் வரிக்காரனும் தேடி வருவான்" என்று சீண்டினேன். "வரட்டும் மாமா, காட்டுவேன்" என்றான். அலுமாரியில் பச்சை நிறக் கோப்பு ஒன்று வைத்திருக்கிறான். வங்கிக் கடதாசி எல்லாம் திகதிவாரியாக அதில் இருக்கிறது.

சிலாப் போன மாதம்தான் போட்டார்கள். சீமெந்து எடுக்க நானும் கூடப் போனேன். கடை என் பள்ளித் தோழனுடையது. வாப்பாவின் காலத்திலிருந்தே எங்களுக்குக் கொப்பியில் எழுதிக் கடன் தருகிறவன். மருமகன் காசைக் கட்டிவிட்டு நகராமல் நின்றான்.

"பில் ஒண்டு தாங்க மாமா."

தோழன் என்னைப் பார்த்தான். நான் லொறியில் மூட்டைகளை எண்ணத் தொடங்கினேன்.