காரும் கொடுத்து காசும் கொடுக்கணுமா?

எங்கள் அப்புச்சி வைத்திருக்கும் ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு என்னைவிட இரண்டு மடங்கு வயசு. சென்னை வண்டலூரில் தயாரான கார். கம்பெனியை மூடி பல வருஷம் ஆச்சு. ஒரு பாகம் தேய்ந்தால், கோயம்புத்தூர் லேத்துப் பட்டறையில் கடைந்து வாங்கித்தான் மாட்டுவார்.

போன வருஷம் பழைய கார் கண்காட்சி ஒன்றுக்கு அதைக் கொண்டுபோகலாம் என்று விசாரித்தேன். காரை நிறுத்த 2,000 ரூபாய் கட்டணம் என்றார்கள். போக வர பெட்ரோல் நம் செலவு.

அப்புச்சி சிரித்தார். "ஏங்கண்ணு, சந்தைக்கு மாடு ஓட்டிட்டுப் போனா சுங்கம் கட்டறோம், சரி. மாட்டை வித்துக் காசு பார்க்கறோம். அங்க போயி நாம எதை விக்கப் போறோம்?"

பொள்ளாச்சிக்காரர் கேட்கும் கேள்வி. என்னிடம் பதில் இல்லை.

சட்டத்தையும் பாருங்கள். 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 வயது தாண்டிய வண்டியை 'விண்டேஜ்' என்று பதிவு செய்ய 20,000 ரூபாய். 10 வருஷம் கழித்துப் புதுப்பிக்க 5,000 ரூபாய். அப்படிப் பதிந்த காரை தினமும் ஓட்டக் கூடாது, வாடகைக்கும் விடக் கூடாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்கு மட்டுமே ரோட்டுக்கு வரலாம். வருவதற்கு இருக்கும் ஒரே இடம் கண்காட்சி. அங்கேயும் வாசலில் கட்டணம்!

நடத்துபவர்களுக்கும் மைதான வாடகை, பந்தல், காவலாளி என்று செலவு உண்டு. பெயர் கொடுத்துவிட்டு வராதவர்களால் இடமும் வீணாகும். அதற்கு முன்பணம் வாங்கி, கார் உள்ளே வந்ததும் திருப்பிக் கொடுத்துவிடலாமே? கோவை அவினாசி சாலையில் இருக்கும் ஜி.டி. கார் மியூசியத்தில் பார்க்க வருபவர்கள்தான் டிக்கெட் எடுக்கிறார்கள். கண்காட்சிச் செலவையும் பார்வையாளர் டிக்கெட்டிலும் விளம்பரதாரர்களிடமும் எடுக்கலாம்.

2,000 ரூபாய் பெரிய பணக்காரருக்கு ஒரு பொருட்டில்லை. பழைய காரைப் பாசத்துக்காக வைத்திருக்கும் மெக்கானிக்குக்கும் பென்ஷன்காரருக்கும் அது யோசிக்க வைக்கும் தொகை. அவர்கள் வராமல் போனால் பென்ஸும் ரோல்ஸ் ராய்ஸும் மட்டுமே வரிசையில் நிற்கும். அந்தக் காலத்தில் எல்லோரும் ஜமீன்தார்கள் என்றுதான் நம் பிள்ளைகள் நினைப்பார்கள்.

ஊர் டாக்டர் ஓட்டிய ஹெரால்டும், கல்யாணத்துக்கு வந்த அம்பாசிடரும் பக்கத்தில் நிற்கட்டும். அவைதான் நம் வீட்டுக் கதையைச் சொல்லும்.