மீன் தெரிகிற இடத்தில் இல்லை

மலைநாட்டு உக்குவளைக்காரருக்குக் கடலில் என்ன வேலை என்ற கேள்வி இதை எழுதுபவரை நெடுங்காலமாகத் துரத்துகிறது. அண்மையில் ஒரு நீரடிப் படக் கண்காட்சியிலும் ஒருவர் அதையே கேட்டார். கேட்டதோடு விடாமல், இப்போதைய சின்னக் கமராவைத் தண்ணீருக்குள் நீட்டினால் போதும், மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும் என்றும் சொன்னார்.

முதலாவதற்கு விடை வரைபடத்திலேயே இருக்கிறது. பொல்கொல்லையில் மறிக்கப்படும் மகாவலி நீரில் ஒரு பங்கு, சுமார் 8 கிலோமீற்றர் சுரங்கம் வழியாக வந்து, 1976இல் இயங்கத் தொடங்கிய உக்குவளை மின்நிலையத்தைச் சுழற்றிவிட்டுச் சுதுகங்கையில் விழுகிறது. அங்கிருந்து அம்பன் கங்கை. போவத்தென்னையில் ஒரு பங்கு வடக்கே பிரிந்துபோக, எஞ்சியது திரும்பவும் மகாவலியோடு கலந்து கொட்டியாரக் குடாவில் கடலைத் தொடுகிறது. வாடைக்காலத்தில் ஆறு கொண்டுவரும் வண்டலும் அலையும் சேர்ந்து திருகோணமலைக் கடலைக் கலக்கிவிடும். அந்த மாதங்களில் கமராவைக் கரையில் வைத்துவிடுவதே புத்தி. மே பிறந்து செப்டெம்பர் வரைதான் நீரடியில் படமெடுக்கும் தொழிலுக்குக் கிழக்கில் காலம். மலையில் மழை எப்படிப் பெய்தது என்று கேட்டுவிட்டுக் கடலுக்குப் போகிறவருக்கு மலைநாட்டுப் பிறப்பு குறை அல்ல.

இரண்டாவது பேச்சுக்குப் பதில் நீளமானது.

திருகோணமலைப் பக்கத்து நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றரில் புறாமலைத் தீவு. 1963இல் சரணாலயம், 2003இல் தேசியப் பூங்கா. அதற்குத் தெற்கே, சுவாமி மலையின் அடிவாரக் கடலில்தான் 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய கூட்டாளி மைக் வில்சனும் மூழ்கி, போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் கற்களைக் கண்டார்கள். வில்சன் 1962இல் எடுத்த ‘ரன்முத்து தூவ’ படத்தின் நீரடிக் காட்சிகளுக்கும் இந்தக் கடல்தான் களம். அவர்களுடைய புகைப்படக் கமராவில் ஒரு சுருள் பிலிமுக்கு அதிகம் போனால் முப்பத்தாறு படம். தண்ணீருக்குள் சுருள் மாற்ற வழியில்லை. அதனால் முதலில் பார்த்தார்கள், பிறகுதான் அழுத்தினார்கள்.

பார்ப்பது என்றால் மீனைத் தேடுவது அல்ல. சங்கு குளித்த பழைய ஆட்கள் சங்கைத் தேட மாட்டார்கள். மணலில் அது ஊர்ந்த கோட்டைத் தேடுவார்கள். பேய்க்கணவாய்க்கும் அதே கணக்கு. பொந்து வாசலில் உடைந்த சிப்பியும் நண்டு ஓடும் குவிந்து கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. பெரிய களவாய் வாயைத் திறந்தபடி அசையாமல் நின்றால் பக்கத்தில் துப்புரவு மீன் வேலை செய்கிறது. அதே நீலக் கோடு, அதே நீளம், அதே ஆட்டத்தோடு இன்னொரு மீனும் வரும். அது துப்புரவாக்காது, சதையைக் கடித்துக்கொண்டு ஓடும். வாயைப் பார்த்தால் பிடிபட்டுவிடும்: உண்மையானதுக்கு வாய் மூக்கு நுனியில், போலிக்கு மூக்கின் கீழே. இரண்டையும் ஒரே பெயரில் அச்சிட்ட நூல்கள் இன்றும் கடையில் விற்கின்றன.

கண் பழகிய பிறகு வருவதுதான் பெரும் வில்லங்கம்: வெளிச்சம்.

ஐந்து மீற்றர் இறங்குவதற்குள் சிவப்பில் பெரும்பகுதி போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே பிளாஷ் வேண்டும். பிளாஷ் அடித்தால் மீனுக்கும் கண்ணாடிக்கும் இடையில் மிதக்கும் ஒவ்வொரு தூசியும் வெள்ளைப் பொட்டாகத் திரும்பி வரும். படம் முழுக்கப் பனி பெய்தாற்போல் ஆகிவிடும். பிளாஷைக் கமராவிலிருந்து கை நீளத்துக்குத் தள்ளிப் பிடி என்று எல்லாக் கைநூலும் சொல்கிறது. தள்ளிப் பிடித்தும் பொட்டு போகாது. ஏன் போகவில்லை என்பதைத்தான் யாரும் சரியாகச் சொல்லிக்கொடுப்பதில்லை.

காரணம், மீன் நம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இல்லை. நீரிலிருந்து முகக்கண்ணாடிக்குள் நுழையும் ஒளி வளைவதால், எட்டடியில் நிற்கும் மீன் ஆறடியில் நிற்பதாகத் தோன்றும். உருவமும் மூன்றில் ஒரு பங்கு பெருத்துத் தெரியும். புதியவர் அந்த ஆறடியைக் குறிவைத்துப் பிளாஷைத் திருப்புவார். பிளாஷுக்கு இந்த மயக்கம் கிடையாது. அது காட்டிய இடத்துக்கே ஒளியை அனுப்பும். மீனுக்கு முன்னால் இருக்கிற வெறும் தண்ணீர் பளிச்சென்று எரியும், மீன் இருட்டில் நிற்கும். ஆகையால் மீனின் பின்னால் ஒரு முழம் தள்ளிக் குறிவைக்க வேண்டும். பிளாஷின் முகத்தைச் சற்று வெளிப்புறமாகத் திருப்பி, ஒளிவட்டத்தின் விளிம்பு மட்டும் மீனில் படும்படி வைத்தால், இடையிலுள்ள தண்ணீர் இருட்டாகவே நிற்கும். இன்னும் நெருங்க முடிந்தால் நெருங்க வேண்டும். தண்ணீர் குறையக் குறையத் தூசியும் குறையும். நெருங்குவதோ மூச்சின் கையில் இருக்கிறது. வேகமாக மூச்சு விட்டு, குமிழியால் மீனை விரட்டுகிறவருக்கு எந்தக் கமராவும் உதவாது.

இதைச் சொன்னால் இன்றைய பிள்ளைகள், “அண்ணே, அதைப் பிறகு கொம்பியூட்டரில் துடைக்கலாம்” என்கிறார்கள். துடைக்கும்போது தூசியோடு கண்ணாடிபோன்ற இறால் குஞ்சும் மீன் குஞ்சும் சேர்ந்து போகின்றன. கோமாளி மீனின் முட்டைக்குள் வெள்ளிப் புள்ளியாகத் தெரியும் குஞ்சுக் கண்களும் அப்படித்தான் போகும். அந்தப் புள்ளிகள் தெரிந்தால் முட்டை பொரிக்கும் நாள் நெருங்கிவிட்டது. விசிறிக் காவல் நிற்கும் ஆண் மீனின் உழைப்புக்கு அதுவே சாட்சி. அழித்துவிட்டால் அழகான ஆரஞ்சு நிற மீன் ஒன்று மிஞ்சும், அவ்வளவுதான்.

துடைப்பதாவது கரைக்கு வந்த பிறகு. கீழே நடப்பது அதைவிட மோசம். பேத்தையைச் சீண்டி ஊதவைக்கிறார்கள். அஞ்சாலையை வெளியே இழுக்க மீன்துண்டு காட்டுகிறார்கள். செட்டை நுனி கறுத்த சிறு சுறாவைக் கூட்டமாகத் துரத்துகிறார்கள். தடியில் கமராவைக் கட்டிக்கொண்டு, உயிருள்ள முருகைக்கல்லின் மேலேயே ஏறி நிற்கிறார்கள். கிளைவிடும் முருகைக்கல் வருடத்துக்குச் சில அங்குலம் வளர்ந்தால் அதிகம். உருண்டைக் கல் அதற்கும் பல மடங்கு மெதுவாக வளரும். போட்டிகளில் பரிசும் பல வேளை இப்படி எடுத்த படங்களுக்கே போகிறது. நடுவர்கள் நிறத்தைப் பார்க்கிறார்கள். மீன் தன் போக்கில் இருந்ததா, பயந்துபோய் நின்றதா என்று பார்ப்பவர் குறைவு.

படத்தில் உண்மை ஏன் வேண்டும் என்பதற்குக் கடலே சாட்சி. 1998இல் கடல் சூடேறியபோது ஹிக்கடுவையிலும் கற்பிட்டிப் பக்கத்துப் பாரிலும் ஆழங்குறைந்த இடத்து முருகைக்கல் பெரும்பாலும் வெளுத்துச் செத்தது. திருகோணமலைப் பக்கம் அந்த முறை பெருமளவு தப்பியது. செத்த பார் முன்பு எப்படி இருந்தது என்று கேட்டால், பழைய படங்களைத்தான் எடுத்துக் காட்ட வேண்டியிருக்கிறது. ஐம்பதுகளில் கிளார்க்கும் வில்சனும் எடுத்த படங்களுக்கு இன்று இருக்கிற மதிப்பு அதுதான். பின்னால் வருபவர்களுக்கு நாம் எடுத்த படமும் அப்படி உதவ வேண்டுமானால் அதில் பொய் இருக்கக் கூடாது.

அடுத்த சோளகத்தில் நிலாவெளிக்கு வருகிற தம்பிமார், தங்கைமார் முதல் சில முறை கமரா இல்லாமல் இறங்குங்கள். கல்லில் கால் ஊன்றாமல் மிதக்கத் தெரிந்த பிறகு கமராவை எடுங்கள். எடுத்த ஒவ்வொரு படத்தோடும் இடம், திகதி, ஆழம் மூன்றையும் அன்றிரவே எழுதி வையுங்கள்.